கேட்டு வாங்கிய நந்தியாவட்டை

ஆற்றில் மணலும் தண்ணீரும் சண்டையில்லாமல் சேர்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. பிள்ளைகளே, பெரியவர்களே, அந்தக் காலத்தில் தளிர்மங்கலம் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் சீராளன் என்று ஓர் உப்பு வணிகன் இருந்தான். அவனிடம் ஒற்றைமாட்டு வண்டி ஒன்று இருந்தது. கொம்பன் என்று ஒரு காளை இருந்தது. பொய் சொல்லாத தராசு ஒன்று இருந்தது. வாசலில் ஒரு பூச்செடி மட்டும் இல்லை.

இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பீர்கள். வேறு ஊராயிருந்தால் குறையே இல்லை. தளிர்மங்கலத்தில் அது பெருங்குறை. கல்யாணம் செய்துகொள்கிற ஆண்பிள்ளை தன் வீட்டில் தானே வைத்து வளர்த்த செடியிலிருந்து ஒரு பூவாவது பறித்து மணப்பெண்ணின் தலையில் சூட்ட வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். விதை தூவி முளைக்கிற பூவெல்லாம் வாசல் தோரணத்துக்குத்தான். தலைக்கு வைக்கிற பூ, குச்சி ஒடித்து நட்டு, அது துளிர்த்து வந்த செடியின் பூவாக இருக்க வேண்டும். பூ இல்லாத வீட்டுக்குப் பெண் கிடையாது.

சரி, ஒரு குச்சி கேட்டு வாங்கி நட வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். தளிர்மங்கலத்துக்காரர்கள் ஒரு விஷயத்தை உறுதியாக நம்பினார்கள். கேட்டு வாங்கிய குச்சி வேர் பிடிக்காது. திருடி வைத்த குச்சிதான் துளிர்க்கும். அவர்கள் சும்மா நம்பவில்லை, கண்ணால் கண்டு நம்பினார்கள். கொடுத்த குச்சிகள் காய்ந்தன. திருடிய குச்சிகள் தழைத்தன. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அதனால் ஊர் முழுக்கத் திருடர்கள்! நெல் திருட மாட்டார்கள், ஆடு திருட மாட்டார்கள், விழுந்து கிடக்கும் தேங்காயைக்கூட உரியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பூக்குச்சி என்றால் மட்டும் கை துறுதுறுக்கும். திருடுவதற்கு முறையும் இருந்தது. பின்வேலி அசைந்தால் தோட்டக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை ஓங்கி இரும வேண்டும். யார் வந்தது என்று பார்க்கவும் கூடாது, பார்த்தேன் என்று சொல்லவும் கூடாது. திருட ஆள் வராத தோட்டம் ஒரு தோட்டமா என்று பெருமை பேசுவார்கள். மாலையில் அந்தத் தெருவழியே போனால் ஊருக்கே சளி பிடித்ததுபோல் இருமல் சத்தம் கேட்கும்.

சீராளனின் தகப்பன் கடற்கரையிலிருந்து வந்து குடியேறியவன். அதனால் இந்தத் திருட்டு சீராளனுக்குப் பழகவில்லை. கேட்டால் கொடுக்கிறவர்களிடம் எதற்குத் திருட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் மனது ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவன் யாரிடம் மனதைப் பறிகொடுத்தான் தெரியுமா? ஊரிலேயே கைதேர்ந்த பூத்திருடியிடம்!

அவள் பெயர் வஞ்சி. ஊரின் பெரிய தோட்டக்காரர் திருமேனியாரின் மகள். உப்பு வாங்க வருவாள். ஒரு படி வாங்குவாள், ஒன்பது கேலி பேசுவாள், கொசுறு கேட்பாள். அவள் கேட்க மறந்தாலும் அவன் கொசுறு போடுவான். வீட்டில் உப்பு தீராமலே அவள் உப்பு வாங்க வர ஆரம்பித்தபோது விஷயம் ஊருக்கே புரிந்துவிட்டது.

திருமேனியாருக்கும் பையனைப் பிடித்திருந்தது. ஒரு சித்திரை மாதத்துக் காலையில் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார். "தம்பி, பொண்ணுக்கு உன்மேல ஆசை. எனக்கும் சம்மதம். ஆனா ஊர் வழக்கத்தை நான் மீற முடியாது. அடுத்த வருஷம் வைகாசி முகூர்த்தத்துக்குள்ள உன் வீட்டுல ஒரு பூ பூக்கணும். பூக்கலேன்னா மேலத்தெரு நெல் வியாபாரி மகன் காத்துக்கிட்டிருக்கான். பேசாம என் தோட்டத்துலயே நுழைஞ்சு ஒரு குச்சியை ஒடிச்சுக்கோ. நான் நல்லா இருமறேன்."

"ஐயா, நான் கேட்டே வாங்கிக்கறேனே," என்றான் சீராளன்.

திருமேனியார் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்கிற மனிதரில்லை. அவர் தோட்டத்தில் அடுக்கு நந்தியாவட்டை ஒன்று இருந்தது. பாலில் நனைத்துப் பிழிந்ததுபோல் வெள்ளைவெளேரென்று கொத்துக்கொத்தாகப் பூக்கும். அதில் முகப்பிலிருந்த அழகான கிளையை, பூவும் மொட்டுமாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது நல்லதாகத்தானே கொடுக்க வேண்டும்?

சீராளன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தான். பார்த்தவர்களெல்லாம் நிறுத்திப் பாராட்டினார்கள். வீட்டுக்கு வரும்போது உச்சிவெயில். எல்லோரும் பார்க்கட்டும் என்று வாசலின் நடுவில், நல்ல வெயிலில் நட்டான். மொட்டெல்லாம் இரண்டு நாளில் பூத்தது. ஊரே வந்து வாயைப் பிளந்தது. அந்த வாரமே கிளை காய்ந்து விறகானது.

இரண்டாம் முறை, திருமேனியார் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி பொன்னாயியிடம் போய்ச் செம்பருத்திக் குச்சி கேட்டான். அவளும் மனதாரக் கொடுத்தாள். இந்த முறை நிழலில் நட்டான். ஆனால் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "வேர் விட்டிருச்சா, பார்ப்போம்!" என்று ஆளுக்கொரு தடவை பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினார்கள். அவர்கள் போனபின் சீராளனும் பிடுங்கிப் பார்த்தான். ஆசை யாரை விட்டது? தினமும் பிடுங்கிப் பிடுங்கி, விட வந்த வேரும் அறுந்தது. அதுவும் விறகு.

மூன்றாம் முறை, கோயில் நந்தவனத்தில் கேட்டுப் பிச்சிக்குச்சி வாங்கி வந்தான். யாரும் தொடாதபடி முள் வைத்தான். பிடுங்கவே இல்லை. பதிலாகத் தண்ணீர் ஊற்றினான். விடிந்ததும் ஒரு குடம், உச்சிக்கு ஒரு குடம், விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு குடம். நடுவில் தாகமாயிருக்குமோ என்று இன்னொரு செம்பு. தாயைவிட மிஞ்சிய பாசம்! குச்சி அடியிலிருந்து அழுகிக் கறுத்துச் சாய்ந்தது.

ஊர் சிரித்தது. "உப்பு அளக்கிற கையில செடி பிழைக்குமா?" என்றது ஒரு கூட்டம். "திருடினா ஆச்சு, இதுக்கு ஏன் இத்தனை பாடு?" என்றது இன்னொரு கூட்டம். ஐப்பசி பிறந்துவிட்டது. இப்போது நட்டால்தான் வைகாசிக்குள் பூக்கும். இன்னும் ஒரே ஒரு தடவைதான்.

அன்று வஞ்சி உப்பு வாங்க வந்தாள். கேலி பேசவில்லை. கொசுறு கேட்கவில்லை. கண் சிவந்திருந்தது.

"எங்க வீட்டுப் பின்வேலியில ஒரு முள்ளை நானே எடுத்து வைக்கறேன்," என்றாள். "குனிஞ்சு வந்தா போதும். ஒரு குச்சிதானே? இதுகூட எனக்காகச் செய்ய மாட்டீங்களா?"

சீராளன் உப்புப் படியைக் கீழே வைத்தான். அவளுக்காக மலையைத் தூக்கி வா என்றால் தூக்கப் பார்ப்பான். ஆனால் எல்லோர் கண்ணிலும் திருட்டாக இல்லாதது அவன் கண்ணில் திருட்டாகவே இருந்தது. முதன்முதலாக அவள் தலையில் வைக்கும் பூ, கை கூசாமல் வைக்கும் பூவாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தராசுத் தட்டைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே வேறொன்று கேட்டான்.

"வஞ்சி, நீ எப்படித் திருடறே?"

அழ வந்தவள் சிரித்துவிட்டாள். தன் வித்தையைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் பேச வராது?

"அது ஒரு கலை!" என்று ஆரம்பித்தாள். "வெயில்ல போகக் கூடாது, ஆள் தெரியும். தூறல் விழற சாயங்காலமாப் பார்த்துப் போகணும். முன்பக்கம் பூத்திருக்கிற கிளையைத் தொடவே கூடாது, குறைஞ்சா தெரிஞ்சுபோகும். செடிக்குப் பின்னால, பூவும் மொட்டும் இல்லாம ஒரு சுண்டுவிரல் கனத்துக்கு இருக்கே, அதை ஒடிக்கணும். மடியில மறைச்சுக்கிட்டு ஒரே ஓட்டம். நின்னு பேசக் கூடாது. வீட்டுக்கு வந்த கையோட நட்டுடணும்."

"எங்கே நடுவே?"

"வாசல்லயா நடுவாங்க? கொல்லையில, கூரைத் தண்ணி சொட்டுற ஓரமா, யார் கண்ணும் படாத இடத்துல. மேல ஒரு உடைஞ்ச பானையைச் சாய்ச்சு வைப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கிட்டயே போக மாட்டேன். போய்ப் போய்ப் பார்த்தா மாட்டிக்க மாட்டேனா? மறந்துபோயிடணும். ஒரு நாள் பார்த்தா துளிர்த்து நிக்கும்."

சீராளன் தராசைத் துடைப்பதை நிறுத்திவிட்டான். இவள் சொல்வதைத் தன் மூன்று செடிகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். தன்னுடையது பூவோடு வந்தது, இவளுடையது பூ இல்லாமல் வந்தது. தன்னுடையது வெயிலில் ஊர்வலம் போனது, இவளுடையது தூறலில் ஓடி வந்தது. தன்னுடையதை ஊரே பிடுங்கிப் பார்த்தது, தானும் குடம் குடமாகக் குளிப்பாட்டினான். இவளுடையது இருட்டுப் பானைக்குக் கீழே, கூரைச் சொட்டைக் குடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது.

"அடடா!" என்று கத்தினான். கத்திய கத்தலில் கொம்பன் கயிற்றை அறுக்கப் பார்த்தது. "வஞ்சி, குச்சிக்குத் திருட்டு தெரியாது! உன் பயம்தான் அதைக் காப்பாத்தியிருக்கு!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவனுக்கு உப்பு தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கவலையோடு போனாள். சந்தோஷத்தில் அவன் இரண்டு கை கொசுறு போட்டதுகூட அவளுக்குத் தெரியாது.

மறுநாள் சீராளன் திருமேனியாரிடம் போனான்.

"ஐயா, உங்க நந்தியாவட்டையில ஒரு குச்சி வேணும். நீங்க வெட்ட வேண்டாம். நானே வந்து எடுத்துக்கறேன்."

பெரியவர் முகம் மலர்ந்தது. கடைசியில் பையனுக்குப் புத்தி வந்துவிட்டது! "புரியுது, புரியுது," என்று கண் சிமிட்டினார்.

"புரியலை, ஐயா. குடுத்தேன்னு வாயால சொல்லுங்க."

"குடுத்தேன்."

"இன்னொரு தடவை."

"குடுத்தேன்பா!"

"மூணாந்தடவையும் சொல்லிடுங்க. பின்னால பேச்சு வரக் கூடாது."

"குடுத்தேன், குடுத்தேன், ஆளை விடு!" என்றார் திருமேனியார்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் மேகம் கூடித் தூறல் விழுந்தது. திருமேனியார் தோட்டத்தில் நின்றிருந்தார். பின்வேலி அசைந்தது. வழக்கம் விடுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓங்கி இருமினார்.

"ஐயா, இருமாதீங்க!" என்று வேலிக்கடியிலிருந்து குரல் வந்தது. "சீராளன்தான். நீங்க குடுத்ததை எடுக்க வந்திருக்கேன். இப்படித் திரும்பி நல்லாப் பாருங்க."

"பார்க்கக் கூடாதுப்பா! பரம்பரை வழக்கம்!"

"திருட வந்தவனைத்தான் பார்க்கக் கூடாது. நான் வாங்க வந்தவன்."

"வாங்க வந்தவன் வாசல் வழியா வர வேண்டியதுதானே?"

"வாசல் வழியா வந்தா நீங்க பூவோட வெட்டிக் குடுத்துடுவீங்களே!"

பெரியவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு இரண்டு கண்ணையும் திறந்தார். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, சேறும் முள்ளுமாக, வருங்கால மருமகன் தவழ்ந்து வந்தான். நந்தியாவட்டைக்குப் பின்னால் போனான். மொட்டில்லாத குச்சியாகப் பார்த்துக் கணுவுக்குக் கீழே ஒடித்தான். மடியில் செருகினான். தவழ்ந்தே திரும்பிப் போனான். போகும்போது வேலியில் விட்டுப்போன இடைவெளியை முள் வைத்து அடைத்தான். எந்தத் திருடனும் வேலியை அடைத்துவிட்டுப் போய் அவர் கண்டதில்லை.

சீராளன் ஓடினான். எதிரே வந்தவர்களிடம் நின்று பேசவில்லை. கொல்லையில் கூரைத் தண்ணீர் சொட்டும் ஓரமாக நட்டான். உடைந்த பானையைச் சாய்த்து வைத்தான். எல்லாம் சரி. இனி மறந்துவிட வேண்டும்.

அதுதான் முடியவில்லை! திருடினவளுக்குப் பயம் இருந்தது; இவனுக்கு எது இருந்தது? விடிவதற்குள் மூன்று தடவை கொல்லைக்கதவு வரை போய்விட்டுத் திரும்பினான். கை அரித்தது. ஒரே ஒரு தடவை, லேசாக, நோகாமல் இழுத்துப் பார்த்தால் என்ன என்று மனது கெஞ்சியது. தன்னைத் தான் நம்ப முடியாது என்று தெரிந்துகொண்டான். எழுந்தான். இருந்த உப்பையெல்லாம் வண்டியில் ஏற்றினான். கொம்பனைப் பூட்டினான். மலையடிவாரத்து ஊர்களுக்கு உப்பு விற்கக் கிளம்பிவிட்டான்.

ஊர் வேறு மாதிரிப் பேசியது. "அவமானம் தாங்காம ஓடிட்டான்," என்றார்கள். வஞ்சி யாருக்கும் தெரியாமல் அழுதாள். நெல் வியாபாரி வீட்டில் புதுத் துணி எடுக்கலாமா என்று யோசித்தார்கள்.

கார்த்திகை விளக்குக்கு முந்தின நாள் வண்டிச்சத்தம் கேட்டது. சீராளன் மாட்டை அவிழ்க்கக்கூட இல்லை, நேராகக் கொல்லைக்கு ஓடினான். பானையைத் தூக்கினான்.

குச்சியின் இரண்டு கணுவிலும் பச்சை! எலிக்காது அளவுக்கு நாலு இலை! சீராளன் அதைப் பிடுங்கிப் பார்க்கவில்லை. தொடக்கூட இல்லை. ஓடி வந்து கொம்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான், அழுதான், மறுபடியும் சிரித்தான். நுகத்தடியோடு நின்ற கொம்பன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது.

தையில் செடி ஒரு சாண் வளர்ந்தது. பங்குனியில் முழங்கால் உயரம் வந்தது. சித்திரையில் மொட்டு வைத்தது. வைகாசி முகூர்த்தத்தன்று விடியற்காலையில், அடுக்கடுக்காக ஒரே ஒரு வெள்ளைப் பூ மலர்ந்தது. ஒன்று போதாதா?

பந்தலில் ஊரே கூடியிருந்தது. சீராளன் பூவை இலையில் வைத்து ஏந்திக்கொண்டு வந்தான். ஊர் ஆரவாரம் செய்தது.

"திருடிட்டான்டா, திருடிட்டான்!" என்று கைதட்டினார்கள். "உப்புக்காரனும் நம்மாளாயிட்டான்!" என்று தோளில் தட்டினார்கள். எல்லாம் அன்புதான். ஆனால் சீராளன் அப்படியே நின்றுவிட்டான்.

"நான் திருடலை," என்றான். "கேட்டு வாங்கினேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கேட்டு வாங்கிய குச்சி என்றைக்குப் பூத்தது? பொன்னாயிதான் உரக்கச் சொன்னாள்: "கல்யாண நாளுல எதுக்கப்பா பொய்? திருடினேன்னு சொன்னா யார் கோவிச்சுக்கப் போறோம்?"

இத்தனை நாளும் தோற்றதற்குச் சிரித்தார்கள், அதைப் பொறுத்துக்கொண்டான். இப்போது பொய்யன் என்று சிரிக்கிறார்கள். ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டால் முடிந்தது, மேளம் கொட்டும், தாலி ஏறும். ஆனால் பொய் சொல்லாத தராசுக்காரன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. ஏந்திய பூவோடு, வஞ்சியைப் பார்த்தபடி நின்றான்.

அப்போது திருமேனியார் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். வாழ்நாளில் ஒரு திருடனையும் காட்டிக்கொடுக்காத மனிதர், ஊர் கேட்கச் சொன்னார்:

"நான் பார்த்தேன்."

பந்தல் அதிர்ந்தது. அந்த ஊரில் யாரும் சொல்லக் கூடாத சொல்லல்லவா அது?

"பார்த்தேன். ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். அவன்தான் பார்க்கச் சொன்னான். அந்தக் குச்சி திருட்டு இல்லை. மூணு தடவை வாயால குடுத்தேன்னு சொல்லி நான் குடுத்தது. போகும்போது என் வேலியைக்கூட அடைச்சுட்டுப் போனான். இவனைப் பொய்யன்னு சொன்னா என்னைச் சொன்ன மாதிரி."

சிரிப்பு நின்றது. "அப்படின்னா, கேட்டு வாங்கினது எப்படிப் பிழைச்சுது?" என்று யாரோ கேட்டார்கள்.

மணையில் உட்கார்ந்திருந்த வஞ்சிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தூறல், பின்பக்கக் குச்சி, உடைந்த பானை! மணப்பெண் வாய் திறக்கக் கூடாது என்பார்கள். அவள் திறந்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அத்தனையும் நான் சொன்னது!" என்றாள். "திருட்டை மட்டும் விட்டுட்டு மிச்சத்தையெல்லாம் செஞ்சிருக்காரு!"

பிறகு மேளம் முழங்கியது. சீராளன் கை கூசாமல் அந்த ஒற்றைப் பூவை அவள் தலையில் வைத்தான்.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் திருமேனியாருக்கு ஒரு பழைய ஏக்கம் இருந்தது. அவர் வீட்டுச் சிவப்பு வெட்சி எப்போதோ ஒரு கோடையில் பட்டுப்போயிருந்தது. எதிரே பொன்னாயி வீட்டில் வெட்சி கொத்தாகப் பூக்கும். முட்டிவலியால் வேலி நுழைய முடியாது. கேட்டு வாங்கினால் பிழைக்காது என்று பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். கல்யாணத்துக்கு மறுநாள் தைரியமாக வாசல் வழியே போனார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு குச்சி கேட்டார். கேட்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

பொன்னாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "தாராளமா எடுத்துக்குங்க, அண்ணே! அது நான் உங்க தோட்டத்துல ஒடிச்சதுதானே! அன்னிக்கு நீங்க நல்லா இருமினீங்களே, மறந்துட்டீங்களா?"

அன்றோடு தளிர்மங்கலத்தில் இருமல் நின்றது. கேட்கிற குரலும் கொடுக்கிற குரலும் வாசலுக்கு வாசல் கேட்க ஆரம்பித்தன. பழக்கம் விடாத சிலர் மட்டும், வாசலில் கேட்டுவிட்டுப் பின்வேலி வழியே தவழ்ந்துபோய் எடுத்தார்கள் என்று கேள்வி. அவர்கள் செடியும் நன்றாகவே பூத்தது.

ஆகவே கேட்டவர்களே, திருடன் தன் திருட்டுக்குக் காட்டுகிற கவனத்தை நல்லவன் தன் நல்ல காரியத்துக்கும் காட்டினால், நேர்மை ஒருநாளும் பட்டுப்போகாது.